கையில் இருந்த செருப்பு

தம்பி,

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு இன்று மனம் வரவில்லை. நீ நலமாக இருப்பது உன் வீடியோவிலேயே தெரிகிறது. உன் பாதங்களும் நலமாக இருப்பதாக நீயே சொல்லி, போனை அவற்றின் பக்கம் திருப்பிக் காட்டுகிறாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன்மேல் எனக்குக் கோபம். எட்டு மாதமாக வேலையை விட்டுவிட்டுச் செருப்பில்லாமல் ஊர் ஊராகச் சுற்றுகிறாயே, அதற்காக இல்லை. அந்தக் கோபத்தையெல்லாம் முதல் மாதத்திலேயே உன் அப்பாவிடம் காட்டித் தீர்த்துவிட்டேன். இது வேறு. வியாழக்கிழமை காலையில் கம்பெனி பஸ்ஸில் தொடங்கியது. இன்று ஞாயிறு மதியம், சோறு வடித்து இறக்கிவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன், இன்னும் அடங்கவில்லை. போனில் பேசினால் நீ நடுவில் புகுந்து சமாதானம் சொல்வாய், நானும் அழுதுவிடுவேன். எழுதி முடித்ததும் இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்து அனுப்பும்படி அப்பாவிடம் சொல்கிறேன். எங்கேயாவது நிழலில் உட்கார்ந்து கடைசி வரை படி.

என் பக்கத்து மிஷினில் ஷூவுக்கு மேல்பாகம் தைக்கிற கோமதியை உனக்குத் தெரியும். தென்னேரியிலிருந்து நம் ஊர்த்தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். தினமும் காலையில் ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில் செய்யாறு வரை போகிறோம். மதியம் அவள் டப்பாவில் நான் கை விடுவேன், என் டப்பாவில் அவள் கை விடுவாள். அவள்தான் அன்றைக்குப் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“அக்கா, இது உன் புள்ளதான? எங்க வூட்ல எல்லாரும் பாத்துக்கினு கீறாங்க” என்றாள்.

ஒடிசாவில் ஏதோ ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாய். தாடி வைத்திருக்கிறாய். அது உனக்கு நன்றாகத்தான் இருக்கிறது. “எங்க தாத்தா வாழ்நாள் முழுக்க செருப்பே போட்டதில்ல” என்று ஆரம்பிக்கிறாய். “அவருக்கு மண்ணோட ஒரு உறவு இருந்துச்சு. ‘மண்ணுதான் குளிர்ச்சி’ன்னு சொல்லுவாரு. நாமதான் செருப்பப் போட்டு அந்த உறவ அறுத்துக்கிட்டோம். தை மாசம் ஊருக்கு வரேன். உத்திரமேரூர்ல இறங்கி, எங்க ஊர் வரைக்கும் நடந்து, தாத்தா நடந்த அதே தெரு வழியா, அதே வெறுங்காலோட என் வீட்டுக்குப் போகப் போறேன். இந்தப் பயணம் அங்கதான் முடியும். லைவ்ல பாருங்க” என்கிறாய். கீழே யார் யாரோ கும்பிடுகிற கை போட்டிருக்கிறார்கள். தாத்தா ஒரு சித்தர் என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

கோமதி கள்ளமில்லாதவள். அவளுக்கு இதில் எதுவும் தெரியாது. அவள் பாட்டுக்குச் சொன்னாள். “எங்க மாமனாரு கூட சொன்னாருக்கா. அந்தக் காலத்துல உங்க ஆளுங்க யாருமே செருப்பு போட மாட்டாங்களாம். அதான் நோய்நொடி இல்லாம கல்லு மாதிரி இருந்தாங்களாம். இப்பதான் எல்லாம் கெட்டுப்போச்சின்னாரு.”

அன்றைக்கு நான் தைத்த முதல் ஜோடியிலேயே லேஸுக்கு அடியில் வருகிற நாக்குத் துண்டைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன். லைன் சூப்பர்வைசர் பெண் வந்து, “இன்னாக்கா, உனக்கு இப்டி வந்ததே இல்லியே, ஒடம்பு சரியில்லியா” என்று கேட்டாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் வார்த்தையும் அந்த மாமனார் வார்த்தையும் ஒன்றாக இருந்ததுதான் என்னால் தாங்க முடியவில்லை.

உன் தாத்தாவிடம், என் நைனாவிடம், செருப்பு இருந்தது. சின்ன வயதில் நீயே பார்த்ததுதான், மறந்திருப்பாய்; முதலில் இதைத் தெரிந்துகொள். டயர் செருப்பு, உத்திரமேரூர் பஜாரில் வாங்கியது. மேலே தடித்த தோல் வார், அடியில் லாரி டயரை வெட்டிய அடிப்பாகம். நம் காலனியிலிருந்து பஸ் ஸ்டாப்புக்குப் போக அப்போது ஊர்த்தெரு ஒன்றுதான் நேர்வழி. நைனா வீட்டிலிருந்து செருப்பைப் போட்டுக்கொண்டுதான் கிளம்புவார். காலனி முடிகிற இடத்தில் அந்தப் புங்கமரத்தடிக்கு வந்ததும் குனிந்து கழற்றுவார். இரண்டையும் சேர்த்து வார்ப் பக்கமாக இரண்டு விரலால் பிடித்துக்கொள்வார். தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு இறங்கும். தெரு முழுவதும் ஓரமாகவே நடப்பார். பஸ் ஸ்டாப் வந்ததும் செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். திரும்பி வரும்போது பஸ் ஸ்டாப்பில் கழற்றிப் புங்கமரத்தடியில் மாட்டுவார். இதை எந்தச் சட்டத்திலும் யாரும் எழுதி வைக்கவில்லை. கேட்டால் ‘வழக்கம்’ என்பார்கள். நைனாவும் அந்த வார்த்தையைத்தான் சொல்வார். மண்ணோடு உறவு என்று ஒருநாளும் சொன்னதில்லை.

நான் ஒன்பதாவது படிக்கும்போது எனக்கும் ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்தார், நீல வார் வைத்தது. அதையும் தெருவில் கையில்தான் பிடித்துக்கொண்டு போவேன். ஒருநாள் கணக்குப் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கிய சந்தோஷத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கி அப்படியே நடந்துவிட்டேன். பாதித் தெரு வந்த பிறகுதான் செருப்பு காலில் இருப்பது எனக்கே தெரிந்தது. அந்த இடத்தில் நின்று கழற்றியிருக்கலாம். எனக்கு என்ன திமிரோ, மீதித் தெருவையும் அப்படியே நடந்தேன். மறுநாள் காலையில் களத்தில், நாங்கள் அறுப்புக்குப் போகிற நிலத்துக்காரர், மேட்டு வீட்டு மகன் நைனாவைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் கேட்டான். “இன்னா, உன் பொண்ணு டக்கு டக்குனு நடந்துக்கினு போறா. எங்க வூட்டுப் பொம்பளைங்க எதிர்ல வர்றது அவ கண்ணுக்குத் தெர்லியா?” அவ்வளவுதான் கேட்டான். அடிக்கவில்லை, திட்டவில்லை. அந்த அறுப்புக்கு நம் வீட்டில் ஒருவரையும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

நைனா என்னை ஒன்றும் சொல்லவில்லை. என் செருப்பைக் கழுவி, பேப்பரில் சுற்றி, கூரையில் செருகி வைத்தார். “பஸ் ஏறப்போ போட்டுக்கோ. தெருவுல கையில வெச்சிக்கோ. நமக்கு இன்னாத்துக்குமா பேஜாரு” என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்து, “நீ ஒரு கோழ, நைனா” என்றேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உன் அப்பாவிடம்கூட. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் முடிகிற வரை ஏரிக்கரையைச் சுற்றித்தான் போனேன், காலில் செருப்போடு. அந்தத் தெருவும் வேண்டாம், அவர் நடக்கிற நடையும் என் கண்ணில் பட வேண்டாம் என்று.

ஆனால் அந்தப் பழக்கம் என்னை விட்டுவிட்டதாக நினைக்காதே. நீ ஐந்தாவது படிக்கும்போது ஷூ கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனேன். கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, மேஜைக்குப் பின்னால் ஓர் அதிகாரி. என் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து உள்ளே போய் நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தார். “ஏம்மா கையில செருப்ப வெச்சிருக்கீங்க?” என்றார். அப்போதுதான் நானும் பார்க்கிறேன். எப்போது கழற்றினேன், எப்போது எடுத்தேன் என்று எனக்குத் தெரியவே தெரியாது. நைனா பிடிப்பது போலவே, இரண்டு விரலால், வார்ப் பக்கமாகப் பிடித்திருக்கிறேன். அந்த அதிகாரி நல்ல மனிதர்தான், சிரித்துக்கொண்டே, “இது செருப்பு செய்யற இடம்மா, இங்க கால்ல போட்டுக்கலாம்” என்றார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். வேலையும் கிடைத்தது. அந்தத் தெருவே வேண்டாம் என்று ஏரிக்கரையைச் சுற்றிய ரோஷக்காரி நான். தெரு எனக்கு முன்னால் போய் அந்த ஏசி ரூமில் உட்கார்ந்திருந்தது.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். உன்னைத் திட்டி முடித்தால் போதும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, திட்டில் பாதி எனக்கே சேர வேண்டியது என்று தெரிகிறது.

நீ ஒன்றாவது சேர்ந்தபோது உனக்குக் கறுப்பு ஷூ வாங்கினோம். அதற்குள் காலம் மாறியிருந்தது. காலனிப் பையன்கள் பைக்கில் ஷூ போட்டுக்கொண்டு ஊர்த்தெருவில் போனார்கள், யாரும் வாயைத் திறக்கவில்லை. நைனாவுக்கு மட்டும் புங்கமரம் வந்ததும் கை தானாகக் கீழே போகும். முதல் நாள் உன்னைப் பள்ளிக்கூட வேனில் ஏற்ற மூன்று பேரும் போனோம். நீ முன்னால் ஷூவைத் தட்டித் தட்டி நடந்தாய். அவர் ஒரு கையில் உன் பை, ஒரு கையில் தன் செருப்பு என்று ஓரமாக வந்தார். நீ நின்று திரும்பிப் பார்த்து, “தாத்தா, இன்னாத்துக்கு செருப்ப கையில எடுத்துக்கினு வர?” என்று கேட்டாய். நல்ல சத்தமாகத்தான் கேட்டாய். இரண்டு வீட்டு வாசலில் ஆள் இருந்தார்கள். நைனா என்னைப் பார்த்தார். என்ன சொல்லட்டும் என்று கேட்கிற பார்வை. உண்மையைச் சொல்ல அந்த ஒரு நொடிதான் இருந்தது. நான், “தாத்தாவுக்கு மண்ணுல நடந்தாதான் ஒடம்புக்கு நல்லது கண்ணு. செருப்பு புடிக்காது” என்றேன். அவர் என்னிடமிருந்து பார்வையை எடுத்துவிட்டு உன்னிடம் சொன்னார். “ஆமா ராஜா. செருப்பு போட்டா எனுக்கு கால் எரியும். மண்ணுதான் குளிர்ச்சி.”

அந்த வாக்கியம்தான் இன்று உன் வீடியோவுக்குத் தலைப்பு.

ஏன் பொய் சொன்னேன்? நீ அந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும் என்று நினைத்தேன். ஆறு வயதில் உன் காலில் ஷூவை மாட்டிவிட்டு, மனதில் இந்தக் கல்லை வைத்து அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை. பெரியவன் ஆனதும் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டேன். நீ பெரியவன் ஆனாய், சென்னைக்குப் போனாய், கம்ப்யூட்டர் வேலைக்குப் போனாய். எனக்குச் சொல்ல நேரமே வரவில்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். நைனாவைக் கோழை என்று சொன்ன வாய்தான் இது.

நீ ஏழாவது படிக்கும்போது தாத்தாவுக்குக் கால் விரல் எடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? சர்க்கரை என்று உன்னிடம் சொன்னோம். சர்க்கரை இருந்தது, அது பொய்யில்லை. ஆனால் புண் எப்படி வந்தது என்று சொல்லவில்லை. தேர்த் திருவிழா முடிந்து ஊர்த்தெருவில் பந்தல் பிரித்த மறுநாள், துருப்பிடித்த ஆணி ஒன்றை மிதித்துவிட்டார். செருப்பு கையில் இருந்தது. ரத்தத்தோடு பஸ் ஸ்டாப் வரை நடந்து, அங்கே செருப்பைப் போட்டுக்கொண்டு டவுனுக்குப் போய் வேலையை முடித்துவிட்டு வந்திருக்கிறார். பத்து நாள் கழித்துத்தான் வீட்டில் காட்டினார். காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்கும்போது நர்ஸ் கேட்டாள்: “பெரியவரே, இவ்ளோ சக்கர வெச்சிக்கினு வெறுங்கால்ல நடக்கறியே, செருப்பு இல்லியா உனுக்கு?”

“கீதும்மா. கையில கீது” என்றார் நைனா.

நர்ஸ் அதைத் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தாள். நான் வெளியே வந்து குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அப்படியே நின்றேன்.

இதுதான் தம்பி, உன் சித்தருக்கும் மண்ணுக்கும் இருந்த உறவு. அவர் குதிகால் வெடிப்பில் நெல் ஒன்றை நிற்க வைக்கலாம். மெழுகுவர்த்தியை உருக்கி அதில் விடும்போது பல்லைக் கடித்துக்கொள்வார். சேற்றுப்புண் ஆறாமல் ஒரு மாதம் முழுக்கக் காலை அகட்டி நடப்பார். நோய்நொடி இல்லாமல் கல்லு மாதிரி இருந்தாராம். சொல்கிறார் ஒருவர். கோமதியின் மாமனார் யார் என்று நீ இந்நேரம் ஊகித்திருப்பாய். களத்தில் நைனாவைக் கூப்பிட்டுக் கேட்ட அதே மேட்டு வீட்டு மகன்தான். இப்போது அவருக்கும் சர்க்கரை. சர்க்கரைக்காரர்களுக்கென்று செய்கிற மெத்தென்ற செருப்பைப் போட்டுக்கொண்டு தினமும் காலையில் பஸ் ஸ்டாப் வரை வாக்கிங் போகிறார். அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து உன் வீடியோவைப் பார்த்து, நம் ஆட்கள் செருப்பில்லாமல் எவ்வளவு நன்றாக இருந்தார்கள் என்று மருமகளுக்குச் சொல்கிறார். அவருக்கு அதைச் சொல்ல அடி எடுத்துக் கொடுத்தது நீ. உனக்கு எடுத்துக் கொடுத்தது நான்.

வெறுங்காலோடு நடப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. மாலை போட்டுக்கொண்டு போகிறார்கள், வேண்டுதலுக்கு நடக்கிறார்கள். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற நம் காலனிக்காரர்களுக்கு நானே மோர் கரைத்துக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் தாங்களாகக் கழற்றுகிறார்கள், வேண்டும்போது மாட்டிக்கொள்வார்கள். நீயும் அப்படித்தான். பதினைந்தாயிரம் பேர் வேலை செய்கிற கட்டடத்தில் ஏசியில் உட்கார்ந்து உனக்கு மூச்சு முட்டியது, கழற்றிப் போட்டுவிட்டுக் கிளம்பினாய். உன் கால், உன் இஷ்டம். போன மாதம் நீ போன் செய்து, “அம்மா, முன்னப்பின்ன தெரியாத ஒரு வீட்ல என்ன உள்ள கூப்ட்டு, அந்த வீட்டுப் பாட்டி கால் கழுவ சுடுதண்ணி வெச்சிக் குடுத்தாங்க” என்றாயே, அன்றைக்கு அதை உன் அப்பாவிடம் இரண்டு தடவை சொன்னேன். பிள்ளை நல்ல மனிதர்களைப் பார்த்துக்கொண்டு வருகிறான் என்று நிம்மதியாக இருந்தது. ஆனால் இதையும் யோசித்துப் பார். இங்கிலீஷ் பேசுகிற, முதுகில் நல்ல பை மாட்டிய வெறுங்காலைத்தான் வீட்டுக்குள் கூப்பிடுகிறார்கள். உன் தாத்தா வெறுங்காலோடுதான் அந்தத் தெருவில் ஆயுசு முழுக்கப் போனார், வந்தார். ஒரு வாசலிலும் அவரை யாரும் நில் என்று சொல்லித் தண்ணீர் கொடுக்கவில்லை.

நீ எங்கே வேண்டுமானாலும் செருப்பில்லாமல் நட. உத்திரமேரூரில் இறங்கி நம் ஊர் பஸ் ஸ்டாப் வரைக்கும் அப்படியே வா, நான் தடுக்க மாட்டேன். ஆனால் பஸ் ஸ்டாப்பிலிருந்து புங்கமரம் வரை, அந்த ஒரு தெருவில் மட்டும் நீ வெறுங்காலோடு நடக்கக் கூடாது. நடந்தால் அன்றைக்கு நான் வீட்டில் இருக்க மாட்டேன். இதை மிரட்டலாகவே எடுத்துக்கொள். அவரை நடக்க வைத்தது போலவே அவர் பேரனும் நடந்து, அதை அந்தத் தெருக்காரர்கள் வாசலில் நின்று கைதட்டிப் பார்க்க, நான் ஆரத்தி கரைத்துக்கொண்டு நிற்க மாட்டேன்.

நைனாவின் டயர் செருப்பு என்னிடம்தான் இருக்கிறது. அவர் போன பிறகு அவர் துணிமணிகளையெல்லாம் கொடுத்துவிட்டார்கள். இதை மட்டும் நான் பெட்டியில் போட்டு வைத்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் எடுத்துப் பார்த்தேன். இத்தனை வருஷம் ஷூ தைக்கிறவள் நான். ஒரு செருப்பைத் திருப்பிப் பார்த்தால் போட்டவர் எந்தப் பக்கம் சாய்ந்து நடப்பார் என்று சொல்லிவிடுவேன். இதன் அடியில் டயரின் கோடுகள் இன்னும் அழியவில்லை. தேய்ந்திருப்பது மேலே வார்தான். இரண்டு விரல் பிடிக்கிற இடத்தில் தோல் மெலிந்து, கறுத்து, வழவழவென்று இருக்கிறது. என் விரலை அங்கே வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது. உடனே எடுத்துவிட்டேன்.

உன் கால் அவர் அளவுதான். தை மாதம் நீ வருகிற அன்று லீவு போட்டுவிட்டு பஸ் ஸ்டாப்பில் அந்தச் செருப்போடு நிற்பேன். நீ போனில் லைவ் ஓட்டிக்கொண்டே வா, நிறுத்தாதே. எல்லாரும் பார்க்க அதைக் காலில் மாட்டு. இது என் தாத்தாவின் செருப்பு, இந்தத் தெருவில் இதை அவர் கையில்தான் பிடித்துக்கொண்டு போனார், மண்ணு குளிர்ச்சி என்று அவர் சொன்னது என் அம்மா சொன்ன பொய்யைக் காப்பாற்றுவதற்காக என்று சொல். என் பெயரைச் சொல்லியே சொல். பிறகு நட. ஓரமாக வேண்டாம், நடுத்தெருவில் நட. மேட்டு வீட்டு வாசலில் அவர் உட்கார்ந்திருந்தால் வணக்கம் சொல்லிவிட்டு நட. நானும் உன் பக்கத்தில் வருவேன். புங்கமரம் வந்த பிறகு உனக்குக் கழற்றத் தோன்றினால் கழற்றிக்கொள், வீடு வரைக்கும் மண்ணில் நட, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அந்தச் செருப்பு இன்னும் ஒருநாளும் அந்தத் தெருவை மிதித்ததில்லை, தம்பி. பெட்டியிலேயே கிடந்து வார் கொஞ்சம் விறைத்திருக்கிறது, போட்டால் முதலில் கடிக்கும். இன்றிலிருந்து தினமும் விளக்கெண்ணெய் தடவி வைக்கிறேன். நீ வருவதற்குள் இளகிவிடும்.

உன் அம்மா